டிப்பர் விழ மறுத்த நாள்

டிப்பரோடு ஒரே அறையில் ஒன்றரை வருடம் குடியிருந்தவனுக்கு, செத்த பிறகு நரகத்தில் அனுபவிக்க எதுவும் பாக்கி இருக்காது. நான் குடியிருந்தேன்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு வரும் டிப்பர் லாரிகளுக்கு ஒதுங்கி நின்று பழகியவர்களுக்கு அந்தப் பெயரின் காரணத்தை விளக்கவேண்டியதில்லை. ஆறே முக்கால் அடி உயரம். அதற்கேற்ற அகலம். சொந்த ஊர் மீன்சுருட்டி. வீட்டில் மற்றவர்கள் எல்லோரும் நம்மைப்போல அளவோடு வளர்ந்த விவசாயிகள். இவன் மட்டும் நிறுத்தத் தெரியாமல் வளர்ந்தான். பள்ளிக்கூடம் முடித்ததும் யாரோ சொல்லி பஞ்சாபுக்கு ரயிலேறி, டிவியில் வருகிற மாதிரி கயிறு கட்டிய மேடையில் சண்டை போடும் மல்யுத்தக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். முகமூடி போட்டுக்கொண்டு நேபாளம், துபாய் என்று ஊர் ஊராகச் சுற்றினான். முட்டி போனதும் திரும்பி வந்து சினிமாவில் நுழைந்தான். வில்லனுக்குப் பின்னால் கை கட்டி நிற்பான். கடைசியில் ஹீரோவின் ஒரே குத்தில் பறப்பான். ஷூட்டிங் இல்லாத நாட்களில் அரியலூரில் என் உயிரை எடுப்பான்.

நான் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலைக்காக அங்கே மாற்றலாகி வந்து மாடி அறை தேடியபோது, சர்வே துறையில் ரிட்டயரான வீட்டுக்காரர், "மேல ஏற்கெனவே ஒரு தம்பி இருக்கான், சாது" என்றார். சாதுதான். அளவைத்தான் அவர் சொல்லவில்லை.

காலை ஐந்தரைக்கு விழுந்து பழகுவான். ஆமாம், விழுவதற்குத்தான் பயிற்சி. மல்யுத்தத்தில் அடிப்பது பெரிய வித்தையே இல்லை என்பான். "அடிக்கறதுக்கு எவன் வேணா வருவான்ண்ணே. அடிபடாம உழுவறதுக்குத்தான் ஆள் கெடைக்காது." ஹீரோவாக நான் எதிரில் நிற்கவேண்டும். பல் தேய்க்காத வாயோடு நான் காற்றில் ஒரு குத்து விட்டால், அவன் இரண்டடி எழும்பிப் பின்பக்கமாகப் போய்த் தொப்பென்று விழுவான். அவனுக்கு ஒரு கீறல் இருக்காது. கீழே வீட்டுக்காரரின் இட்லித் தட்டில் கூரைக்காரை உதிர்ந்திருக்கும். அவர் மேலே வந்து காரைத் துண்டை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போவார். விழுந்தவனிடம் அல்ல, குத்தியவனிடம் கொடுப்பார்.

நாலைந்து படம் வந்ததும் ஊரில் அவனுக்கு முகம் தெரிய ஆரம்பித்தது. செல்பி எடுத்தார்கள். கூடவே புகாரும் வந்தது. டீக்கடைக்காரர் வணக்கம் வைத்தாராம், கண்டுகொள்ளாமல் போனானாம். என் மேனேஜர் பைக்கை ஓரங்கட்டி, பக்கவாட்டில் நின்று கூப்பிட்டாராம், திரும்பவே இல்லையாம். தலைக்கனம் ஏறிவிட்டது என்றார்கள். ஆரம்பத்தில் அவனுக்காக வாதாடினேன். பிறகு வீட்டிலும் அதே கதைதான். பக்கத்தில் காபி டம்ளர் வைத்தால் முழங்கையால் தட்டிவிடுவான். கதவு நிலையில் தோளை இடிப்பான். அதட்டினால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "தெரியலண்ணே" என்பான். எதற்கும் அதே பதில்தான். ஒரு வாரத்தில் நாலு டம்ளர் காபியைத் துடைத்தவனுக்குத்தான் அந்த வார்த்தையின் எரிச்சல் புரியும்.

அப்போதுதான் அவனுக்கு ஒரு பெரிய படம் வந்தது. பெயருள்ள வேடம், பேச வசனம், ஹீரோவோடு தனியாக ஒரு முழுச் சண்டை. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்பில் ஷூட்டிங். கூட வரச் சொல்லிக் கெஞ்சியதால் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

ஹீரோ இடது பக்கத்து மரத்துக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து காற்றில் எழும்பி உதைக்கவேண்டும். இவன் பறந்து போய் விழவேண்டும். கயிறு, மெத்தை எல்லாம் தயார். ஹீரோ ஓடி வந்தார், எழும்பினார், உதைத்தார். டிப்பர் நின்றுகொண்டே இருந்தான். அவர் தரையில் இறங்கி, சட்டையைச் சரிசெய்துகொண்ட பிறகு விழுந்தான். மறுபடி எடுத்தார்கள். மறுபடி அதே மாதிரி. பன்னிரண்டு தடவை. பன்னிரண்டாவது தடவை உதை நிஜமாகவே இவன் விலாவில் பட்டது. இவன் அசையவில்லை. ஹீரோதான் மெத்தைக்கு வெளியே போய் விழுந்தார். தோப்பே சிரித்துவிட்டது.

டைரக்டர் பக்கத்தில் வந்து, "ஏன்யா விழல?" என்று கேட்டார்.

"தெரியல சார்."

மத்தியானத்துக்கு மேல் அவனை வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவன் வேட உடையை வேறொருவனுக்காகப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

டவுன் பஸ்ஸில் ஜெயங்கொண்டம் வரை திட்டிக்கொண்டே வந்தேன். நாலு படத்துக்கே இவ்வளவு திமிரா, விழுவதுதான் தொழில் என்று உயிரை வாங்கியவனுக்கு ஹீரோ முன்னால் விழ வெட்கமா என்று கேட்டேன். இரண்டு பேர் சீட்டில் ஒற்றையாக உட்கார்ந்திருந்தவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "தெரியலண்ணே" என்றான். அதற்குப் பிறகு மூன்று நாள் நான் அவனோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகவேண்டும் என்றான். கோபம் தீராமலே கூடப் போனேன். கூட்டத்தில் இரண்டடிகூட நடந்திருக்கமாட்டான், ஓரத்தில் இருந்த பூக்கடையை அப்படியே சாய்த்துவிட்டான். மாலையெல்லாம் மண்ணில். பூக்காரம்மா எழுந்து, "ஏன்டாப்பா, இம்மாம் பெரிய கட இருக்கு, கண்ணு தெரியல?" என்று கேட்டது.

"ஆமாக்கா. அந்தப் பக்கம் தெரியல" என்றான்.

மன்னிப்புக் கேட்கிற குரலில், சாதாரணமாகச் சொன்னான். அவனை நேராக நிற்கவைத்து, அவன் தோளுக்குப் பக்கத்தில் மூன்று விரலை நீட்டி எத்தனை என்று கேட்டேன்.

"கைய எங்கண்ணே வெச்சிருக்கீங்க?"

அத்தனை மாதமாக அவன் தெரியல தெரியல என்று சொன்னது இதைத்தான். கண்ணில் கோளாறு என்றால் சினிமாவில் கூப்பிடமாட்டார்கள் என்று பயந்து, அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்கவேண்டிய நான் கேட்கவும் இல்லை.

பெரம்பலூரில் கண் டாக்டர் பார்த்துவிட்டு உடனே திருச்சிக்கு அனுப்பினார். ஸ்கேன் மெஷினுக்குள் இவன் தோள் நுழையாமல் அரை மணி நேரம் போராடினார்கள். மூளைக்கு அடியில் ஒரு கட்டி. அவனை இப்படி வளர்த்துவிட்டதே அதுதானாம். இப்போது கண் நரம்பை அழுத்துகிறதாம். மூக்கு வழியாக ஆபரேஷன் செய்து எடுக்கலாம், தள்ளிப்போட்டால் மிச்சப் பார்வையும் போய்விடும் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. டிப்பர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். ஆபரேஷன் பண்ணினால் உயரம் குறையுமா? குறையாது என்று அவர் சொன்னதை அவன் நம்பவில்லை.

எட்டு நாள் அடம். நான் கத்தினேன், கெஞ்சினேன், சாப்பிடாமல் படுத்தேன். நான் சாப்பிடாததையும் சேர்த்து அவன் சாப்பிட்டான். ஒன்பதாவது நாள் மெதுவாகச் சொன்னான். "கொறைஞ்சிட்டா என்னண்ணே பண்றது. எனக்குன்னு இருக்கறது இந்த ஒசரம் மட்டுந்தானே."

அவன் அம்மாவுக்குப் போன் போட்டேன். காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவன் இடுப்பு உயரம்தான் இருப்பார்கள். வந்ததும் அவனைத் தரையில் உட்காரச் சொல்லி, அவன் தலையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்கள்.

"பெத்தப்ப நீ ஒரு மொழந்தான்டா இருந்த. அப்பவும் தூக்கிக்கிட்டுத்தான் திரிஞ்சேன். கொறைஞ்சா கொறைஞ்சிட்டுப் போவுது. கண்ணு வேணும், வா."

எழுந்து போய்ச் சட்டை போட்டுக்கொண்டான். எட்டு நாள் நான் பட்டினி கிடந்ததற்கு ஒரு மரியாதையும் இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலாம் நாள் டாக்டரம்மா பக்கவாட்டில் விரலைக் காட்ட, இடது பக்கம் சரியாகச் சொன்னான். வலது பக்கம் கொஞ்சம் மங்கல்தான், அது அப்படியே இருக்கும் என்றார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் அளவு டேப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். யாரும் சொல்லி வரவில்லை; எட்டு நாள் நாங்கள் போட்ட சத்தம் கீழே கேட்டிருக்கும். அவனைச் சுவரோரம் நிற்கவைத்து, ஸ்டூல் மேல் ஏறி, தலையிலிருந்து குதிகால் வரை அளந்து, "ஒரு நூல்கூடக் கொறையல தம்பி. எழுதித் தரட்டுமா?" என்றார். அவன் அப்போதுதான் அழுதான். அந்த வார்டில் அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர் நர்ஸைக் கூப்பிட்டார்.

அந்தப் பெரிய படம் போனது போனதுதான். வேறு ஆள் நடித்து வெளிவந்தது. டிப்பர் சென்னைக்குக் குடிபோனான். சண்டைப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அடிபடாமல் விழச் சொல்லித் தருகிறான், நடுநடுவே நடிக்கிறான். எனக்கும் கல்யாணமாகி, பெரம்பலூருக்கு மாற்றலாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணி, அந்த வாரம் எந்தெந்தக் கோணத்தில் விழுந்தான் என்று ஒரு மணி நேரம் விவரிக்கிறான். வைத்துத் தொலை என்று சொன்னாலும் வைப்பதில்லை.

போன மாதம் மனைவியோடு ஒரு படத்துக்குப் போனேன். யாரோ ஒரு புது ஹீரோ, ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தார். டிப்பரைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றிக் கண்ணாடிக் கதவில் வீசினார். தியேட்டரே விசிலடித்தது. மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தபோதுதான் நான் எழுந்து நின்றுகொண்டிருப்பது எனக்கே உறைத்தது.

அந்த ஹீரோ படத்துக்கு இனி நான் போவதாக இல்லை.