காட்சிக்கு வந்த கூரை

காட்சிப்படுத்துநர் என்ற இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் அடையாளம் தெரியாமல் போயிருக்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் அவர் நம்மைப் போலவேதான் இருப்பார். கிட்டப் போனால்தான் வித்தியாசம் தெரியும். பழைய வாளி ஒன்றைக் கண்டால் நீங்கள் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அவர் ஓட்டை இல்லையே என்று வருந்துவார். உங்கள் வீட்டுக்கு வந்தால் புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜைக் கண்டு முகம் சுருங்கி, அதற்குப் பின்னால் ஈரம் ஊறி உரிந்து கிடக்கும் சுவரைக் கண்டு முகம் மலர்ந்து, இரண்டு கைகளையும் நீட்டி விரல்களால் ஒரு சட்டம் கட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே நடந்து போவார். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார். சாக்கடைக் கானுக்குள் விழுந்தவர்கள் இந்த இனத்தில் அதிகம்.

இவர்களுக்கென்று ஒரு பாஷையும் உண்டு. "இந்த மூலை பேசணும்" என்பார்கள். "இங்க கொஞ்சம் மௌனம் வேணும்" என்பார்கள். மேசையைத் தள்ளிப் போடச் சொல்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளப் பழக வேண்டும்.

பல வகைகள் இருந்தாலும், தோட்டத்தில் பிறந்து, பல்கலைக்கழகம் போய், பட்டத்தோடு திரும்பி வந்த வகைதான் மிகவும் தீவிரமானது. உதாரணத்துக்கு, தெரணியகலைக்கு மேலே உள்ள ஒரு றப்பர்த் தோட்டத்தின் கிருஷ்ணகுமாரை எடுத்துக்கொள்வோம். அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவர்தான். தன் ஜனங்களுக்கு எதையாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு அவரைத் தூங்கவிடவில்லை. இது உண்மையான தவிப்பு. இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது. அதுதான் கஷ்டம்.

தவிப்பின் முடிவில் ஒரு கண்காட்சி பிறந்தது. இடம், தோட்டத்து வாசிகசாலை. புத்தக அலுமாரிகள் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கப்பட்டன. பேப்பர் வாசிக்கும் பெரியவர்கள் உட்கார்ந்திருந்த வாங்கோடு சேர்த்து விறாந்தைக்குத் தூக்கி வைக்கப்பட்டார்கள். வாசிகசாலைக்குப் பொறுப்பாக டவுனிலிருந்து வரும் சஜீதா மிஸ், "புள்ளைகள் புத்தகம் எடுக்க வந்தா நான் என்னத்த சொல்ற?" என்று கேட்டார்.

"அவங்க வரலாறே இங்க நிக்கப் போகுது மிஸ். புத்தகம் எதுக்கு?"

கண்காட்சியின் நடுநாயகம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக் குசினி ஒன்றின் முழு அளவு மாதிரி. பிளைவுட் சுவர், மண் அடுப்பு, மேலே தகரக் கூரை. அளவெடுக்க அவர் எங்கும் அலைந்திருக்க வேண்டியதில்லை. அவர் பிறந்ததே லயத்தில்தான். ஆனால் தன் வீட்டுக் குசினியில் இருந்த வரலாற்றை அவரே போன வருஷம் டைல் போட்டு, சீலிங் அடித்து மூடியிருந்தார். ஆகவே டேப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குப் போனார். அங்கே இருப்பவர் றப்பர்ப் பால் வெட்டும் புஷ்பம். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்த கிருஷ்ணகுமார் அப்படியே நின்றுவிட்டார். புகை படிந்து படிந்து கன்னங்கரேலென்று மின்னும் தகரம். இடையிடையே தார் வைத்து அடைத்த ஓட்டைகள். ஒரு மூலையில் துருப் பிடித்து, தொட்டால் உதிரும் பூ வேலைப்பாடு.

"அக்கா, இந்தத் தகரம் எனக்கு வேணும்."

"என்னா தம்பி பேசுற? தகரத்த எடுத்துட்டா நான் ஆகாசத்துக்குக் கீழயா ஆக்குறது?"

"மூணே நாளுதாங்க்கா. சனிக்கெழம பெரிய ஆள் ஒருத்தர் கொழும்புல இருந்து வந்து தொறந்து வைப்பாரு. தொறந்து வச்ச ஒடனே கழட்டிக் கொண்டாந்து நானே போட்டுத் தர்றேன்."

"கடையில புதுசு இருக்கே, அத வாங்கி வையேன்."

"புதுசுல வாழ்க்க இல்லக்கா."

புஷ்பம் புருஷனைப் பார்த்தார். இருளப்பன் கூரையைப் பார்த்தார். அப்போது வெயில் காலம். மகள் ஷாமிளாவுக்குப் பிரசவம் அடுத்த மாதம்தான். படித்த பிள்ளை கேட்கிறது, நம் வரலாறு என்கிறது. எப்படி இல்லை என்பது? தகரம் இறங்கியது. குசினிக்கு மேலே ஒரு பொலித்தீன் ஏறியது.

வழியில் ஒரு சின்ன மழை பெய்து கரியில் பாதியைக் கழுவிவிட்டது. கிருஷ்ணகுமார் மனம் தளரவில்லை. கறுப்புச் சப்பாத்துப் பொலிஷ் வாங்கி, பழைய பனியன் துணியால் தேய்த்துத் தேய்த்து வறுமையை மீட்டெடுத்தார். முன்பைவிட நன்றாக வந்தது. கீழே மூன்று மொழிகளிலும் ஒரு பலகை: "தோட்ட மக்களின் குசினி இவ்வாறு இருந்தது." வாசலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். ரிப்பனுக்கு இந்தப் பக்கம் இன்னொரு பலகை: "தொடாதீர்கள்."

சனிக்கிழமை பிரதம விருந்தினர் வரவில்லை. அவர் ஒரு பேராசிரியர். வேறெங்கோ வேறொரு ரிப்பன் அவரை அழைத்திருந்தது. அடுத்த சனிக்கிழமை வெளிநாட்டில் இருந்தார். அதற்கடுத்த வாரம் ஷாமிளா முன்கூட்டியே வலி கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய், ஆண் பிள்ளையோடு லயத்துக்கு வந்து சேர்ந்தாள். அன்றைக்கே மழையும் வந்து சேர்ந்தது. சப்ரகமுவ மழையை நான் விவரிக்கத் தேவையில்லை. பொலித்தீன் ஒரே இரவில் ஊஞ்சல் மாதிரித் தொங்கி, விடியும்போது கிழிந்தது. அடுப்பு சேறானது. விறகு ஊறியது. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு வடிக்க நெருப்பு இல்லை. பக்கத்துக் காம்பராக்களின் அடுப்புக்குப் பானையைத் தூக்கிக்கொண்டு புஷ்பம் மாறி மாறி அலைந்தார்.

மழை காரணமாகத் திறப்பு விழா மீண்டும் தள்ளிப் போடப்பட்டிருப்பதாகக் கொழும்பிலிருந்து செய்தி வந்தது.

நம்மவர் என்ன செய்தார்? புஷ்பத்தின் வீட்டுக்குப் போனார். ஆம், கொட்டும் மழையில், தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, தானே போனார். கூரையில்லாத குசினியில் மழை பாத்திரங்கள் மேல் விழுந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தது. புஷ்பம் வாயைத் திறந்தார்.

"ஸ்ஸ்... அக்கா, பேசாதீங்க. ரெக்கோட் ஆகுது."

கைப்பேசியை நீட்டிப் பிடித்திருந்தார். கண்காட்சிக்கு ஒழுகும் சத்தம் தேவைப்பட்டதாம். உள்ளே பிள்ளை அழுதது. அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

சத்தம் பதிந்து முடிந்ததும் புஷ்பம் சொன்னார்: "தம்பி, எங் கூரையக் குடுத்துரு."

"அக்கா, தொறந்து வைக்காத காட்சியக் கழட்டக் கூடாதுங்க. அது மொறை இல்ல. ஒரு தடவ தொறந்து வச்சிட்டா அடுத்த நிமிஷமே கழட்டிடலாம். சத்தியமா."

சொல்லும்போது அவருக்கும் உள்ளே ஏதோ குத்தியது. குத்தவில்லை என்று சொல்ல மாட்டேன். இந்த இனத்துக்கு மனச்சாட்சி நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதையும் எந்த மூலையில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்றுதான் முதலில் பார்க்கும்.

மறுநாள் காலை புஷ்பம் வாசிகசாலைக்குப் போனார். கையில் பானை, இடுப்பில் கடன் வாங்கிய விறகுக் கட்டு. பின்னால் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஷாமிளா. சஜீதா மிஸ் மேசையிலிருந்து எழுந்தார்.

"மிஸ், இது எங்க தகரம். தகரம் எங்க இருக்கோ அங்க ஆக்கிக்கிறோம்."

சஜீதா மிஸ் "தொடாதீர்கள்" பலகையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு கொடியில் காயும் துணியை ஒதுக்குவது போல ரிப்பனை ஒரு கையால் உயர்த்திப் பிடித்தார். "குனிஞ்சி வாங்க மக. தல பட்டுடும்."

அடுப்பு பற்றிக்கொண்டது. நான்கு பக்கமும் அடைப்பு, காற்றில்லை, கூரை ஒழுகவில்லை. நல்ல குசினிதான். விறாந்தையில் பேப்பர் வாசித்த பெரியவர்களுக்கும் ஒரு வாய் கொத்தமல்லித் தண்ணி கிடைத்தது. இருளப்பனும் வந்து அவர்களோடு உட்கார்ந்துகொண்டார்.

பேராசிரியர் அன்றைக்குத்தான் வந்தார். அவிசாவளைக்கு வேறு வேலையாக வந்தவர், மழை கொஞ்சம் விட்டதும் அப்படியே ஒரு எட்டு எட்டிப் பார்ப்போம் என்று வந்துவிட்டார். கிருஷ்ணகுமார் சட்டையை மாற்றிக்கொண்டு ஓடிவந்து, வழியிலேயே காரை மறித்து, அவரை அழைத்துக்கொண்டு வந்தார். வாசிகசாலையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"ஸ்மெல்லக் கூட ரீகிரியேட் பண்ணியிருக்கீங்களா குமார்?" என்றார் பேராசிரியர், மூக்கை உயர்த்தி.

கிருஷ்ணகுமார் கத்திரிக்கோலை நீட்டினார். ரிப்பன் வெட்டப்பட்டது. உள்ளே புஷ்பம் இரண்டு கால்களையும் நீட்டி, அவற்றின்மேல் பிள்ளையைக் கிடத்தி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஷாமிளா ஒரு மூலையில் பத்தியச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் பதிவு செய்யப்பட்ட பிள்ளை அழ, நிஜப் பிள்ளை சுகமாகக் கண்ணை மூடியது. பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாரு இவங்க? நாடகக் குழுவா?"

புஷ்பம் நிமிர்ந்தார். "சொல்லு தம்பி. நாங்க ஏன் இங்க இருக்கோம்னு சாருக்குச் சொல்லு."

ஒரு வசனம்தான் தேவைப்பட்டது. இவங்க வீட்டுக் கூரையை நான் எடுத்துட்டேன் சார், அவ்வளவுதான். அது அவர் தொண்டை வரை வந்தது. உதடு வரைகூட வந்தது. வெளியே வந்தபோது இப்படி வந்தது:

"இது... உயிருள்ள காட்சி, சார்."

"எக்ஸலண்ட்!" பேராசிரியர் கை தட்டினார். "இத இப்பிடியே நிரந்தரமா வைக்கணும். நான் ஏற்பாடு பண்றேன்."

புஷ்பம் பிள்ளையைத் துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, மகள் கையில் கொடுத்தார். பிறகு விறாந்தைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏங்க! தொறந்தாச்சாம். தம்பி சொன்ன மொறை முடிஞ்சிருச்சு. கழட்டுங்க."

இருளப்பன் சுத்தியலோடு ஏறினார். பேராசிரியர் இரண்டாம் காட்சி ஆரம்பமாகிறது என்று நினைத்து ஓரமாக ஒதுங்கி நின்றார். முதல் தகரம் கழன்று சரிந்தது.

"தொர, சும்மாதான நிக்கிறீங்க? இந்தப் பக்கத்த கொஞ்சம் புடிங்க."

பேராசிரியர் பிடித்தார். பார்வையாளர்களும் பங்கேற்கும் நிகழ்வு என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி. முன்னால் இருளப்பன், பின்னால் பேராசிரியர், தலைக்கு மேலே தகரம். அதற்குப் பின்னால் பேப்பர் வாசிக்கும் பெரியவர்கள் ஆளுக்கொரு தகரமாக. பிள்ளைக்குக் குடை பிடித்துக்கொண்டு சஜீதா மிஸ். தூறல் மறுபடி தொடங்கியிருந்தது. சப்பாத்துப் பொலிஷ் கரைந்து பேராசிரியரின் வெள்ளைச் சட்டையில் கறுப்பாக இறங்கியது. அதைத் துடைக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

கிருஷ்ணகுமார் எங்கே? எல்லோருக்கும் முன்னால் ஓடிப் போய் லயத்து வாசலில் நின்றிருந்தார். உதவ அல்ல. மேட்டில் ஏறி வரும் அந்த ஊர்வலம், ஈரத்தில் மின்னும் தகரங்கள், பின்னால் றப்பர் மரங்களின் வரிசை, அதற்கும் பின்னால் மூட்டம்... கைப்பேசி தானாகவே கைக்கு வந்துவிட்டது.

இருளப்பன் கூரையேறி முதல் தகரத்தைப் பொருத்தினார். புஷ்பம் கீழே நின்று இரண்டு கைகளாலும் அதன் நுனியைத் தாங்கிக்கொண்டார். மழை கனத்தது.

"தம்பி, படம் எடுத்தது போதும். அந்த ஆணிய எடுத்துக் குடு."

கிருஷ்ணகுமாரின் ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் குடை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

இந்த இடத்தில் நீங்கள் அவர்மேல் கோபப்படுகிறீர்கள். நியாயம்தான். நானும் பட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். மேட்டில் தகரங்கள் ஏறி வந்தபோது, மின்னுகிறது என்று நான் எழுதியபோது, மூட்டத்தையும் மரங்களையும் பின்னால் நிறுத்தியபோது, ஒரு நொடி உங்களுக்கு அது அழகாக இருந்ததா? புஷ்பம் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நின்றிருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியதா?

அப்படியானால் தயவுசெய்து இந்தக் கதையைக் கீழே வையுங்கள். புஷ்பத்தின் இரண்டு கைகளும் மேலே இருக்கின்றன. ஆணி உங்கள் பக்கத்தில்தான் கிடக்கிறது.