சைலண்டு ஜீப்பில் வந்த அமெரிக்க நடிகர்

என்னிடமுள்ள பழைய சினிமாக் கலைக்களஞ்சியம் ஒன்று, ஊமைப்பட காலத்து அமெரிக்க நடிகர் ஒருவரை நான்கே வரிகளில் முடித்துவிடுகிறது. நடித்தார், இயக்கினார், பேசும்படம் வந்தது, காணாமல் போனார். அந்த நான்கு வரியைப் போடியிலிருந்து மலைமேல் போடிமெட்டு வரை வளைவுக்கு வளைவு திருப்பி, ஓர் ஏலக்காய் சீசன் முழுக்க ஓட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான்: ஜீப் டிரைவர் சைலண்டு.

வாய் ஓயாதவருக்கு அந்தப் பெயர் வந்தது செல்போனால். அதன் ஸ்பீக்கர் செத்துப்போனது. மாற்றச் சோம்பல்பட்டு, சத்தம் தேவைப்படாத படங்களாகத் தேடிப் பார்த்தார். பார்த்ததையும், அதில் நடித்தவரைப் பற்றித் தேடிப் படித்ததையும், ஏலக்காய் பறிக்க மலையேறும் பெண்களுக்குக் காலையில் சொன்னார். பக்கத்து ஜீப்பில் புதுப்பாட்டு அலறியும் ஆள் லோடு இவருக்குத்தான்.

கதையில் நடிகர் ஏணியிலிருந்து விழுந்தால் ஜீப்பும் ஒரு குலுங்கு குலுங்கும். எஸ்டேட் கணக்கு வேலைக்காக முன்சீட்டில் போய்வந்த, சினிமா வரலாற்றுக் கிறுக்குப் பிடித்த நான் ஒருநாள், “அவரு டைரக்டரானது இந்த ஏணிப் படத்துக்கு ரெண்டு வருசம் கழிச்சு” என்றேன்.

“மேடு ஏறயில வருசம் முன்னப்பின்னதாண்ணே இருக்கும்.”

கதையில் பேசும்படம் வந்ததும் வினையும் வந்தது. நடிகரின் குரல் எடுபடவில்லை, வாய்ப்பு நின்றது என்று சைலண்டு உள்ளதைச் சொல்லிவிட்டார்.

“அப்பறம்?” என்றாள் பெண்களை அழைத்துப்போகும் பேச்சியக்கா.

“அம்புட்டுத்தான் ஆத்தா.”

“இம்புட்டு நாளு விழுந்து எந்திரிச்ச மனுசன அந்தரத்துல விட்டுட்டு, நீ பாட்டுக்கு வெத்தல போடுற. நல்லாருப்பியா?”

மறுநாள் மொத்தக் கூட்டமும் பாட்டு ஜீப்பில் ஏறியது. அதற்கடுத்த நாளும் அப்படியே. சைலண்டு என்னிடம் வந்தார்.

“லோடு இல்லாட்டி வண்டிய விக்க வேண்டியதுதாண்ணே. அந்தாளு பொழைக்க ஒரு வழி சொல்லுங்க.”

“ஏதாச்சும் இட்டுக்கட்டிச் சொல்லேம்ப்பா.”

“வருசம்னா தள்ளிப் போட்டுக்கலாம். அவரு வாழ்க்கைய நான் எப்பிடிண்ணே மாத்துறது?”

தேடினேன். பிந்தைய பேசும்படம் ஒன்றில், வசனமே இல்லாத வாயிற்காவலராக ஒருவர் வந்து போகிறார். அதே தாடை, அதே நடை. பெயர்ப்பட்டியலில்தான் ஆளில்லை. ஜீப் ஸ்டாண்டில் நானே போய் இதைச் சொன்னேன். “அவருதான்னு உறுதியா சொல்ல முடியாது” என்றும் சொன்னேன்.

பேச்சியக்கா யோசித்தாள். “அவரு இல்லைன்னும் நீங்க சொல்லலைல்ல?”

“சொல்லல.”

“அப்ப சரி, மனுசனுக்குக் கஞ்சிக்கு ஒரு சோலி கெடச்சிருச்சு. ஏறுங்கடி வெரசா.”

அந்தக் காவலர் அவர்தானா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. ஒரு பழைய படத்தின் தேதிக்காக ஊர் ஊராக அலைகிறவன் நான். இந்த ஒன்றை மட்டும், சைலண்டுக்காக, மேற்கொண்டு தேடவில்லை.