பதின்மூன்று இல்லாத கையேடு

அந்தக் கையேட்டின் விலை ‘இலவசம்’ என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. உலகத்தில் பேரம் பேச வழியே இல்லாத விலை அது ஒன்றுதான். பாதிக்குக் கேட்டாலும் அதேதான் வரும். எத்தனையோ சின்னக் கடைக்காரர்கள் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பேர்ப்பட்ட கையேட்டைத் தயாரிக்கிற ஒரே கணினி, திங்கட்கிழமை காலை, டீ ஆறுவதற்குள், இரண்டு முறை விக்கி அணைந்துபோனது.

“போச்சா?” என்றாள் மனைவி, அதன் தலைமேல் காயப்போட்டிருந்த துண்டை எடுத்துக்கொண்டே.

“உன் துண்டு ஈரம்தான் உள்ள இறங்கியிருக்கும்.”

“இத்தனை வருஷமா அது மேலதான் துண்டு காயுது. இன்னைக்குத்தான் அதுக்கு ஜலதோஷம் பிடிச்சுதாக்கும்!”

பகலில் அவர் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. மிச்ச நேரத்தில், கடைகளுக்கு பில் போட்டுத்தரும் ஓர் இலவச மென்பொருளுக்கு உதவிப் பக்கங்கள் எழுதும் கையேட்டுக்காரர். சம்பளம் கிடையாது, அந்த மென்பொருள் குழுவில் யாருக்குமே கிடையாது என்பதால் பொறாமையும் கிடையாது. அவர் எழுதியதை வாயில் போட்டுக்கொண்டு, பொருளடக்கம், இணைப்பு, தேடும் பெட்டி எல்லாம் வைத்து இணையப் பக்கங்களாகத் துப்புவதற்கு ஒரு கருவி இருந்தது. குழுவை ஆரம்பித்த பெரியவர் வாலிப வயதில் எழுதியது. ஒரு காலத்தில் பல குழுக்கள் அதைத்தான் வைத்திருந்தன. இப்போது அது ஓடியது இந்த ஒரு கணினியில் மட்டும்தான். புது மடிக்கணினியில் அதை ஓட்டினால், திரை முழுக்கச் சிவப்பில் திட்டிவிட்டு வெளியே போய்விடும்.

கைபேசி அடித்தது. குழுவில் புதுப் பதிப்புகளை வெளியிடும் பொறுப்பிலிருக்கும் பெண்.

“அண்ணா, வெள்ளிக்கிழமை மதியம் பதிப்பு வெளிய போகுது. கையேடு வந்துடும்ல?”

“வராம எங்க போகும்?”

“இல்லண்ணா, வரலைன்னா இனிமே கையேடே வேண்டாம், வீடியோ போட்டுக்கலாம்னு பேசிட்டாங்க. நான்தான் ஒத்தைக்கால்ல நின்னு வெள்ளிக்கிழமை வரைக்கும் தள்ளி வச்சிருக்கேன்.”

கையேட்டுக்காரர் போனைக் கீழே வைத்தார். கல்லாவுக்கு முன்னால் ஆள் நிற்கும்போது எந்தக் கடைக்காரர் உட்கார்ந்து வீடியோ பார்ப்பார்?

“வேற கருவிக்கு மாறிட வேண்டியதுதானே?” என்றாள் மனைவி.

“பெரியவர் மனசு உடைஞ்சுபோகும். ஒவ்வொரு பதிப்பு வந்ததும் எழுதுவார், ‘கையேடு பார்த்தேன், நம்ம பழைய குதிரை இன்னும் ஓடுதே’ன்னு. அவர்கிட்டப் போய்க் குதிரை செத்துப்போச்சுன்னு சொல்லச் சொல்றியா?”

“செத்த குதிரைக்கு நீங்க கொள்ளு வைக்கிறதுக்கு அது மேல்.”

அன்று மதிய இடைவேளையில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே, அவர் இணையத்தைத் துழாவி ஒரு புதுக் கருவியைப் பிடித்தார். எழுதியவர் ‘சுத்தியல்’ என்ற புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். எப்படிப் பயன்படுத்துவது என்று பார்த்தால், ‘கையேடு விரைவில்’ என்று ஒரே ஒரு வரி.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மனைவி இடுப்பில் கை வைத்தாள். “கையேடு தயாரிக்கிற கருவிக்கே கையேடு இல்லையா?”

“எழுதிட்டிருக்காராம்.”

“எதை வச்சுத் தயாரிப்பாராம்?”

பதிலுக்கு அவர் புது மடிக்கணினியைத் திறந்தார்.

ஆனால் கருவி சொக்கத்தங்கம். தட்டுத்தடுமாறி ஓட்டியதில், சட்டியில் தாளிப்பு அடங்குவதற்குள் கையேடு முழுக்க வந்து விழுந்தது. எழுத்து பளிச்சென்று இருந்தது. கைபேசியில்கூடச் சரியாகத் தெரிந்தது.

“அட, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கே!” என்றாள் மனைவி.

அதுதான் வினை. பெரியவர் பார்த்தவுடன் இது தன் கருவி இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார். அவருடைய கருவியில் தலைப்புகள் அழுகிய கத்திரிக்காய் நிறத்தில் வரும்.

கையேட்டுக்காரர் ‘அவசரம்’ என்று தானும் ஒரு புனைபெயரை மாட்டிக்கொண்டு சுத்தியலுக்கு எழுதினார். பழைய கருவியின் பெயரைச் சொல்லி, தலைப்புகளை அதேபோன்ற நிறத்தில் மாற்ற முடியுமா என்று கேட்டார்.

பதில் உடனே வந்தது. “மாத்தலாம். ஆனா ஏன் சார்? அந்த நிறத்தைப் பார்த்தா எனக்கே வாந்தி வருது.”

“எங்க குழுவில ஒரு பெரியவர். அவருக்கு அதுதான் பழக்கம்.”

“மாறச் சொல்லுங்க.”

“சொன்னா தாங்க மாட்டார்.”

“இந்த மாதிரி ஒரு ஆள் எல்லாக் குழுவிலயும் இருக்காரு சார். எங்க குழுவிலயும் ஒருத்தர் இருக்காரு.”

நிறத்தை மாற்ற வழி வந்தது. கையேட்டுக்காரர் போட்டுப் பார்த்தார். தலைப்பு மட்டுமல்ல, எழுத்து, படம், பொத்தான் எல்லாமே கத்திரிக்காயாகிவிட்டது. ‘இதை அழுத்தாதீர்கள்’ என்ற எச்சரிக்கை பின்னணிக்குள் கரைந்து காணாமல் போனது. அதைச் சரிசெய்ய செவ்வாய்க்கிழமை போனது.

அடுத்தது அத்தியாய எண். பழைய கருவி பன்னிரண்டுக்குப் பிறகு பதின்மூன்றை விழுங்கிவிட்டுப் பதினான்குக்குத் தாவும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் “பதினாலைப் பாரு” என்று சொல்லியே பழகிவிட்டதால் யாரும் அதைத் தொடவில்லை.

“பதின்மூணை எண்ணாம விட வழி உண்டா?” என்று எழுதினார் கையேட்டுக்காரர்.

“அதைக் குறைன்னு சொல்லுவாங்க சார், வசதின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. எழுதினவன் பாதியில எழுந்து சாப்பிடப் போயிருப்பான்.”

“இருக்கட்டும். வேணும்.”

வந்தது. பதின்மூன்று ஒழிந்தது. கூடவே, அதற்குப் பிந்திய இணைப்புகளெல்லாம் ஒரு வீடு தள்ளிக் குடியேறின. ‘விற்ற சரக்கைத் திரும்ப எடுப்பது எப்படி’ என்பதை அழுத்தினால், ‘கணக்கு மொத்தத்தையும் அழிப்பது எப்படி’ திறந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். “யாராவது ஒருத்தர் கிழிஞ்ச சட்டையைத் திருப்பிக் குடுக்க வந்தா, கடையே காலி.”

புதன்கிழமை அவர் அலுவலகத்தில் ஒரு விபத்துக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் மறைவில் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பழைய வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். மேலாளர் தாண்டிப் போகும்போது நின்றார்.

“என்னய்யா, முகம் வெளிறிப்போயிருக்கு? பெரிய விபத்தா?”

“ஆமா சார். நிறையப் பேர் இடம் மாறிப் போய்ட்டாங்க.”

மேலாளர் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்.

அடுத்து, பழைய கருவியில் வருவதுபோலப் பொருளடக்கம் வரிக்கு வரி வலது பக்கம் சாய்ந்துகொண்டே போக வேண்டும். அது வந்தபோது ஒரேயடியாகச் சாய்ந்து, கைபேசித் திரையை விட்டே வெளியேறியது. அதை இழுத்துக் கட்டியதும், தேடும் பெட்டி படுத்துவிட்டது. பழைய பெட்டி தேடும் சொல்லின் கடைசி எழுத்தைக் கணக்கில் எடுக்காது, அதையும் கேட்டார். வியாழக்கிழமை காலை சுத்தியலின் பொறுமை அறுந்தது.

“சார், உங்க பெரியவரை விடுங்க. அந்தப் பழைய கருவி ஒரு குப்பை. எழுதினவனுக்கு ஒரு இழவும் தெரியாது. நீங்க அதுக்குப் பாடை கட்டாம பல்லக்கு கட்டிட்டிருக்கீங்க.”

கையேட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்தார். கையேடு எழுத ஆரம்பித்த இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவருக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை.

“வாயை அளந்து பேசுங்க” என்று தட்டினார். “கையில காசில்லாத காலத்துல, ஒத்தை ஆளா உட்கார்ந்து, யார்கிட்டயும் பைசா வாங்காம அதை எழுதினவர் அவர். எனக்கு அப்ப ஒரு வரி ஒழுங்கா எழுத வராது. ‘நீங்க எழுதுங்க, கருவி பார்த்துக்கும்’னு தோள்ல தட்டிக் குடுத்தவர். குறை இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அவரைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசாதீங்க.”

அனுப்பிய பிறகுதான் அதை மனைவியிடம் படித்துக் காட்டினார்.

“கெடுத்தீங்களா?” என்றாள் மனைவி. “வேலையாகிற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? நாளைக்கு மதியம் கையேடு போகணும்.”

“திட்டினார்.”

“உங்களையா?”

“இல்ல.”

அவள் விட்டுப்போன பொத்தானைப் போட்டுவிட்டாள்.

சுத்தியலிடமிருந்து பகல் முழுக்கப் பதில் இல்லை. கையேட்டுக்காரர் அலுவலகத்தில் மூன்று கடிதங்களுக்கு முகவரி மாற்றி எழுதினார். வீட்டுக்குத் திரும்பி, செருப்பைக் கழற்றும்போது கைபேசி முனகியது.

“தப்புதான் சார். மன்னிச்சுக்குங்க. தேடும் பெட்டி அனுப்பியிருக்கேன். வேற ஏதாவது குறை வேணுமா? கூச்சப்படாம கேளுங்க.”

“ஒண்ணே ஒண்ணு. அடியில போடுற தேதி ஒரு நாள் முந்தி இருக்கணும்.”

“ஆமா, அது ஒண்ணு இருக்குல்ல!” என்று வந்தது பதில். கூடவே வேலையும் முடிந்து வந்தது. இந்த முறை எதுவும் உடையவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கையேடு வெளியே போனது. கத்திரிக்காய் தலைப்பு, சாய்ந்த பொருளடக்கம், நேற்றைய தேதி என்று பழைய அவலட்சணம் ஒன்றுகூடக் குறையவில்லை.

“அண்ணா, அப்படியே இருக்கு!” என்றாள் வெளியீட்டுப் பொறுப்பாளர். அது பாராட்டா, பெருமூச்சா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. “வீடியோக்காரங்க வாயை மூடிட்டாங்க. கையேடு இருக்கும்.”

இனி பெரியவரின் கடிதம் வர வேண்டும். வெளியான ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவது வழக்கம். சாயந்திரம்வரை வரவில்லை. சனிக்கிழமை காலையும் வரவில்லை.

“கண்டுபிடிச்சுட்டார்” என்றார் கையேட்டுக்காரர், டீயைத் தொடாமல். “எங்கேயோ ஒரு குறையை விட்டுட்டேன். மனுஷன் நொந்துபோய் உட்கார்ந்திருக்கார்.”

“போனைப் போட்டு உண்மையைச் சொல்லிடுங்க. சனியன் விடட்டும்.”

போட்டார். பெரியவரின் மனைவி எடுத்தார்.

“யாரு, கையேட்டுத் தம்பியா? அவர் அசந்து தூங்கறாருப்பா. எழுப்பட்டுமா?”

“வேண்டாம்மா, வேண்டாம். என்மேல ஏதாவது வருத்தமா இருக்காரா?”

“உன்மேலயா? அவருக்கு உன்னை நினைச்சாத்தான் பயம். ரெண்டு வருஷமா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், சொன்னா தாங்க மாட்டியோன்னு மென்னு முழுங்கிட்டிருக்காரு. பழைய கருவின்னா உனக்கு உசிராமே?”

“எனக்கா?” கையேட்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். “என்னம்மா சொல்லணுமாம்?”

“அந்தப் பழசு போதும்னு, சுத்தியல்னு பேரை மாத்தி வச்சுக்கிட்டு இவர் புதுசா ஒண்ணு எழுதினாருப்பா, அதுல போய் அவசரம்னு எவனோ ஒருத்தன் பழைய அஞ்சு குறையையும் திரும்ப வைக்கச் சொல்லி வாரம் பூரா உசிரை எடுத்துட்டான், அஞ்சும் வச்சுக் குடுத்தாச்சு, ஒரு நன்றிதான் இன்னும் பாக்கி.”