பால்பாண்டி அண்ணனுக்கு ஒரு வரி நன்றி

இந்த ஒரு தடவையாவது மனைவி கனகலட்சுமியைக் கேட்காமல் நானே நாலு வரி எழுதிவிடுவது என்று சபதம் செய்தேன். விதை மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் பத்தொன்பது வருடம் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பால்பாண்டி அண்ணன் ஓய்வு பெற்று, ஓசூரில் மகன் வீட்டோடு இருக்கப் போகிறார். வெள்ளிக்கிழமை விழா. நன்றியுரை நான்.

'நட்பின் இமயமே' என்று எழுதினேன். திருநகர் முக்கில் காதுகுத்துக்குக் கட்டிய ஃப்ளெக்ஸ் மாதிரி இருந்தது. 'உம்மை மறக்க முடியுமா' என்று மாற்றினேன். கண்ணீர் அஞ்சலி மாதிரி ஆகிவிட்டது.

சொல்ல வேண்டியது என்னவோ எனக்குத் தெரியும். உடம்புக்கு நல்லது என்று வாரத்தில் ஐந்து நாள் பாகற்காய் கட்டித் தருவாள் கனகலட்சுமி. அண்ணனுக்கோ பாகற்காய் என்றால் உயிர். மதியம் டப்பாவை மாற்றிக்கொள்வோம். இதை வீட்டில் மூச்சு விட்டதில்லை. விழாவில் அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாளே, எப்படிச் சொல்வது? அந்தக் கிட்டங்கியில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவர்.

மூன்றாம் நாள் தோற்றுப்போய்த் தாளை அவளிடமே நீட்டினேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரே வரி எழுதினாள்: 'பத்தொன்பது வருசமா எங்க வீட்டுப் பாகற்காயைத் தின்னதுக்கு நன்றிண்ணே.'

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"டப்பா வழிச்சு நக்குனாப்புல வந்துச்சு. நீங்க தின்னா அப்படியா வரும்? நான் ஆக்குனத மிச்சம் வைக்காமத் தின்ன ஒரே ஆளு அவருதான். அவருக்குன்னுதான் இம்புட்டு வருசமும் ஆக்குனேன்."

விழாவில் அதையே படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் நேரே கனகலட்சுமியிடம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் என்னிடம் வந்தார். "வாரேன் தம்பி" என்றார், வரப்போகிறவர் மாதிரி.

திங்கள்கிழமை மதியம் எதிர் நாற்காலி காலி. டப்பாவைத் திறந்தால் பாகற்காய். உடனே கனகலட்சுமிக்குப் போன் போட்டேன்.

"எனக்குப் பிடிக்காதுன்னு தெரிஞ்சும் ஏன் வச்ச?"

"தெரிஞ்சுதான் பத்தொன்பது வருசமா வைக்கிறேன். இப்ப மாத்திக்கிட ஆளில்லல்ல, சாப்பிடுங்க."