பேலட் விறகும் பேத்தியின் வரவும்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். என் இடது கட்டைவிரல் மட்டும் நலமாகி வருகிறது. அங்கே நீங்களும் என் பெண்ணும், நான் இன்னும் கையில் வாங்கிப் பார்க்காத என் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள். போனில் பேசியிருக்கலாமே என்று தோன்றும். பேசினால் உங்கள் அத்தை காதில் விழும். தவிர, தபால் ஆபீசிலேயே காலம் தள்ளினவனுக்குக் கெட்ட செய்தியைக் கவரில் போட்டு ஒட்டி அனுப்புவதுதான் கைவந்த முறை.

நீங்கள் வேலை பார்க்கும் கிடங்கில் கழித்துப்போட்ட பேலட்டுகளை லாரியில் ஏற்றி அனுப்பினீர்கள். சரக்குக்கு அடியில் கிடந்து நசுங்கிய அந்த மரத் தட்டுகள் வாசலில் வந்து இறங்கியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. தன் வீட்டுச் சுவருக்குள்ளேயே சூடு ஓடுகிறது, பொத்தானைத் திருகினால் போதும் என்று சம்பந்தி நாலு பேர் முன்னால் சொன்னதும், "கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு இந்தக் குளிர்ல உங்க வீட்டுல எப்படிங்க தங்குறது?" என்று சம்பந்தியம்மா கேட்டதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் வாங்கித் தருவதாகச் சொன்ன மின்சார ஹீட்டரை வேண்டாம் என்றவன் நான். "என் கையால விறகு அறுத்து என் பேத்திக்குக் கணப்பு மூட்டுவேன்" என்று வாய்விட்டவனும் நான். லீவுக்கு நீங்கள் மூவரும் தங்குவது எங்கள் வீட்டிலா சம்பந்தி வீட்டிலா என்பது அந்த ஒரு வாய்ச்சொல்லில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் பேலட்டின் மேல் ஏறிக் குதித்தேன். பெரிய பெரிய இயந்திரங்களைச் சுமந்த சாமான் அது. என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை, எழும்பி என்னைத் தள்ளிவிட்டது. பிறகு சுத்தியலை எடுத்தேன், கட்டைவிரல் விவகாரம் அங்கேதான் நடந்தது. அந்த ஆணிகளும் சாதாரண ஆணிகள் இல்லை மாப்பிள்ளை, உடம்பு முழுக்க முறுக்கு விட்டவை, உள்ளே போகத்தான் சம்மதிக்குமே தவிர வெளியே வர மாட்டேன் என்று அடம் பிடிக்கும் ரகம். சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதில் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "அப்படி ஒரே இழுப்பா இழுக்கக் கூடாது சார், வேர் உள்ளயே ஒடைஞ்சிரும். முதல்ல ஆட்டி விடணும்" என்றார். அவரே இறங்கி வந்து ஆட்டினார். "ஒண்ணும் ஆகாது, ஒரு நிமிஷம்தான்" என்று அவர் ஆணியிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். பொழுது சாயும்வரை இருவரும் பாடுபட்டும் ஒரு பேலட்கூட முழுசாகப் பிரியவில்லை. கடைசியில் சமையலறைக்குள்ளிருந்து உங்கள் அத்தையின் குரல்தான் வந்தது. "ஆணியை எதுக்குப் புடுங்குறீங்க? ஆணி இருக்கிற எடத்தை விட்டுட்டு நடுவுல அறுங்களேன். எரிஞ்சப்புறம் சாம்பல்ல காந்தத்தை விட்டா தானா ஒட்டிக்கும்." டாக்டர் என்னைப் பார்த்தார், நான் டாக்டரைப் பார்த்தேன், அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்க, அவள் குளிர் என்று ஒரு நாளும் முனகவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தாள். எப்போதாவது வெளியே வந்தால் நெற்றியில் வியர்வை. எனக்காக இந்த வயதிலும் இப்படி உழைக்கிறாளே என்று எனக்கு மனசு உருகிவிட்டது.

அப்புறம் அறுப்பது சுலபமாகத்தான் இருந்தது. இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு பேலட்டின் பக்கத்துக் கட்டையிலும் கறுப்பாக ஒரு முத்திரை இருந்தது. காலமெல்லாம் முத்திரை குத்தினவன் அல்லவா, ஒன்றுவிடாமல் பார்த்தேன். சிலவற்றில் எச்.டி., சிலவற்றில் எம்.பி. போய்ச் சேர்ந்த பார்சலின் முத்திரைக்கு அப்புறம் ஒரு வேலையும் கிடையாது என்பது எங்கள் இலாகாவில் கடைநிலை ஊழியருக்கும் தெரியும். இந்த மை எரிந்தால் பச்சைக் குழந்தைக்குப் புகை ஆகாதே என்று, முத்திரை இருந்த துண்டுகளை மட்டும் தனியாக அறுத்து எடுத்துக் குப்பை வண்டியில் போட்டேன். மிச்சத்தை நீங்கள் தங்கவேண்டிய அறையில், ஈரம் படாமல், கூரை தொட அடுக்கினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

குப்பை வண்டி தெருமுனை திரும்பிய பிறகு உங்கள் போன் வந்தது. "மாமா, முத்திரையைப் பாத்தீங்கல்ல? எச்.டி.ன்னா சும்மா சூட்டுல வாட்டின மரம், எரிக்கலாம். எம்.பி.ன்னா பூச்சிமருந்துப் புகை போட்டது, அடுப்புப் பக்கமே கொண்டு போயிராதீங்க." "பாத்தேன் மாப்பிள்ளை, எல்லாத்தையும் பாத்தேன்" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அடுக்கில் இருப்பதில் எது எச்.டி., எது எம்.பி. என்று இனி யாராலும் சொல்ல முடியாது. முகர்ந்து பார்த்தேன், எல்லாம் மரவாசனைதான். ஒரு குச்சிகூட நான் இன்னும் எரிக்கவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் சம்பந்தி வீட்டிலேயே தங்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் சூடும் இல்லை, அறையும் இல்லை. நாங்கள் பகலில் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறோம். இதை எழுத எனக்கு வலிக்கிறது, கட்டைவிரலைச் சொல்லவில்லை. காரணத்தை என் பெண்ணிடம் சொல்ல வேண்டாம். மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

சம்பந்திக்கு என் வணக்கம். அவர் வீட்டுச் சுவர்களுக்கும்தான். பேத்திக்கு எங்கள் இருவருடைய முத்தங்கள். எல்லாரும் நல்லா இருங்க.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: கவரை ஒட்டப் பசை கேட்டதில் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். நேராகப் போய்ச் சமையலறைக் கதவைத் திறந்தாள். உள்ளே ஆளுயரத்துக்கு ஒரு மின்சார ஹீட்டர், அனலாக ஓடிக்கொண்டிருக்கிறது! லாரி வந்து நின்ற அன்றே வாங்கிவிட்டாளாம், என் பெண்ணுக்கும் தெரியுமாம். "முடியலைன்னு நீங்களா வாயைத் தொறந்து சொல்வீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். அதைச் சொல்ல மனசு வரல, பேத்தியை வர வேண்டாம்னு எழுத மட்டும் மனசு வந்துச்சா?" என்றாள். எனவே மேலே எழுதியது அனைத்தும் ரத்து. எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்க்காமல் விட்டுப் பழக்கமில்லாததால் மட்டுமே இது உங்களுக்கு வருகிறது. நேராக இங்கே வாருங்கள். அறையை நானும் டாக்டரும் காலி செய்துகொண்டிருக்கிறோம். ஹீட்டர் கனமான சாமானாம், ஒரு குட்டி பேலட்டின் மேல் வைத்துக் கட்டித்தான் வந்திருக்கிறது. எச்.டி. என்ற முத்திரை பளிச்சென்று தெரிகிறது. அதை மட்டும் என் கையால் அறுத்துப் பேத்திக்கு ஒரு கணப்பு மூட்டிக்கொள்கிறேன். முத்திரையை நீங்கள் வந்து பார்த்த பிறகு.