நாலு மணிக் கரடி

வெடிச் சத்தம் கேட்டதும் கரடி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, பஞ்சாயத்து ஆபீஸ் மேஜைக்கடியில் புகுந்துகொண்டது. பத்து நாளில் இது மூன்றாவது தடவை.

உக்கிரபாண்டி போய் இழுத்து வந்தார். வித்தைக்காரன் ஒருவன் அதை நடுத்தெருவில் போட்டு அடித்ததைப் பொறுக்காமல், தடியையும் கரடியையும் சேர்த்துப் பிடுங்கித் தன் தோட்டத்துப் பம்ப்செட் கொட்டகையில் வைத்திருந்தார். பக்கத்திலேயே பட்டாசுக் கம்பெனி. தினம் நாலு மணிக்கு அங்கே சாம்பிள் வெடிப்பார்கள்.

வனத்துறை ரேஞ்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அடுத்த வெள்ளிக்கிழமை வருவேன் பெரியவரே. அன்னைக்கும் ஓடுச்சுன்னா சுடுறதுதான் வழி."

உக்கிரபாண்டி அரசாங்கத்தையும் நம்ப மாட்டார், ஊரையும் நம்ப மாட்டார். கரடியை மட்டும் நம்பினார்.

அதற்குத் தண்ணீர் காட்டும் செல்லத்தாய் தலையைச் சொறிந்தாள். "ஐயா, எம் மகன் உறக்கத்துல அலறுறான். தாயத்துல அடைக்க ரெண்டு கரடி மயிரு குடுங்க. பயம் தெளியும்."

"அதுவே வெடவெடத்துக் கெடக்கு. அது மயிரு எவன் பயத்தைத் தெளிய வைக்கும்? போத்தா!"

முதலில் கரடியின் காதில் பஞ்சை அடைத்தார். வெடி கேட்டது, அவர் அதட்டல்தான் கேட்கவில்லை. ஆபீஸைத் தாண்டி ஊருணி வரைக்கும் ஓடியது.

அடுத்து, வெடிக்குச் சற்று முன்னால் கருப்பட்டி ஊட்டினார். தின்கிற ருசியில் சத்தம் தெரியாது என்று நினைப்பு. இரண்டே நாளில் கரடி விவரம் தெரிந்துகொண்டது. கருப்பட்டியைக் கண்டதுமே ஓடியது.

வியாழக்கிழமை காலையிலேயே கம்பெனிக்குப் போய், போர்மேன் காசிராஜன் முன்னால் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். "ஏலே, நாலு மணிக்கு எவனாவது வெடிச்சான்னா உங்க கம்பெனிக் கொட்டகையைப் பிரிச்சிருவேன்!"

"நாலு மணிக்கு வெடிக்கவே மாட்டோம்யா" என்றார் காசிராஜன், இரண்டடி பின்னால் தள்ளி நின்று.

சொன்ன சொல் தவறவில்லை. பதினொன்றேகாலுக்கு வெடித்தார்கள், ஒன்றரைக்கு வெடித்தார்கள், ஐந்துக்கு வெடித்தார்கள். கரடி நாள் முழுக்க நடுங்கியது.

மறுநாள் ரேஞ்சர் துப்பாக்கியோடு வந்தார். அவர் கொட்டகைக்குள் கால் வைக்கவும், தீபாவளி ஆர்டருக்கான பத்தாயிரம் வாலாச் சரம் கம்பெனியில் வெடிக்கவும் சரியாக இருந்தது. உக்கிரபாண்டி கரடியை மறைத்துக்கொண்டு நின்றார்.

"மொதல்ல என்னைச் சுடும்யா!"

புகை அடங்கியதும் திரும்பிப் பார்த்தார். கரடி காலை நீட்டி உட்கார்ந்து கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. பம்ப்செட்டுக்குப் பின்னாலிருந்து ரேஞ்சர்தான் எழுந்து வந்தார்.

"சாதுப் பிராணி. இங்கேயே இருக்கட்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"பாத்தியாத்தா என் வளர்ப்பை!" தண்ணீர் கொண்டு வந்த செல்லத்தாயிடம் சொல்லி, உக்கிரபாண்டி பெருமையாகக் கரடியின் கழுத்தைத் தடவினார். விரலில் ஒரு கறுப்புக் கயிறு தட்டியது.

"இதென்னத்தா தாயத்து?"

"நாந்தான் காலையில கட்டுனேன்."

"கரடிக்கே கரடி மயிரா? கூறுகெட்டவளே!"

"கரடி மயிரு இல்லய்யா" என்றாள் செல்லத்தாய். "நேத்து எம் மகனுக்குக் கட்டுனேன், அலறாம உறங்குனான். அதான் மிச்சத்தை இதுக்கும் கட்டுனேன். எல்லாம் நீங்க கத்தரிச்சுப் போட்ட மீசைதான்."