ஐந்து பேர் எண்ணிய எலி வளைகள்

“மூணாவதா என் பேரையும் சேர்த்துடும்மா” என்று துறைத்தலைவர் ஷைலஜா கட்டுரையைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் சொன்னபோது, ஹம்சத்வனிக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

கட்டுரையில் இருந்தவை இரண்டே பெயர்கள். முதலில் அபிநயா, எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி. அடுத்து அவளுக்கு வழிகாட்டிய உதவிப் பேராசிரியர் ஹம்சத்வனி. வயலில் ஆந்தை வந்து உட்காரக் கம்பு நட்டு வைத்தால் எலி குறைகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. அபிநயா நாகப்பட்டினத்தில் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். தஞ்சாவூர்க் கல்லூரிக்கு ரயிலில் வருகிறவள், வழியில் நீடாமங்கலத்தில் இறங்கி, வரப்பு வரப்பாக எலி வளைகளை எண்ணி எழுதிக்கொண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிப்பாள். கட்டுரையில் பெயர் வந்தால்தான் பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்முகத் தேர்வுக்கே அவளைக் கூப்பிடுவார்கள்.

“மேடம், நீங்க இதுல என்ன பண்ணினீங்க?”

“பெர்மிஷன் கொடுத்தேன்ல?”

“ஆறு மாசம் நாங்க ரெண்டு பேரும் சேத்துல நின்னு எண்ணினது மேடம்.”

“ரெண்டு பேர் நின்ன சேத்துல மூணாவது ஆள் நின்னா என்ன, சேறு குறைஞ்சிடுமா?”

அநியாயம். பெர்மிஷன் கொடுத்தவரெல்லாம் ஆராய்ச்சியாளர் என்றால் ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டியவரையும் சேர்க்க வேண்டியதுதான். ஹம்சத்வனி நேராகக் கல்லூரி முதல்வரின் அறைக்குப் போனாள்.

முதல்வர் பொறுமையாகக் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீ சொல்றது நியாயம்மா. ஷைலஜா பேர் மட்டும் இருக்கிறது தப்புதான்.”

“அதைத்தான் மேடம் நானும் சொல்றேன்.”

“கல்யாணப் பத்திரிகையில பெரியப்பா பேரை விட்டுட்டுச் சித்தப்பா பேரைப் போடுவாங்களா? துறைத்தலைவர் பேர் இருந்து முதல்வர் பேர் இல்லைன்னா, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

பச்சை மையால் தன் பெயரை உச்சியில் எழுதினார். அடுத்து ஷைலஜா, அதற்கடுத்து ஹம்சத்வனி. அபிநயாவின் பெயர் கடைசி வரிக்கு, வாசலுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

கல்லூரிச் செயலாளர் கல்யாணம் நேர்மையானவர் என்று பெயர். ஹம்சத்வனி அவரிடமும் போய்க் கொட்டித் தீர்த்தாள்.

“நானும் அந்தப் பொண்ணும் சேத்துல நின்னோம் சார். ஏசி ரூம்ல இருந்தவங்க பேர் மேலே போகுது.”

“அக்கிரமமா இருக்கே. நான் பாத்துக்கறேன், போங்கோ.”

பார்த்துக்கொண்டார். மறுநாள் பட்டியல் புதிதாகத் தட்டச்சாகி வந்தது. உச்சியில் கல்யாணம். நடுவில் புதிதாக மதிவதனி. அவள் அதே கல்லூரியில் கணிதம் நடத்தும் அவருடைய மருமகள்.

“மதிவதனிக்கும் எலிக்கும் என்ன சார் சம்பந்தம்?”

“எண்ணியிருக்கேளே? எண்ணினா கணக்குதானே.”

இப்போது ஆறு பேர். கட்டுரையை வெளியிடும் ஆய்விதழோ, ஐந்து பெயருக்கு மேல் ஏற்க மாட்டோம் என்று விதி வைத்திருந்தது. எல்லார் கண்ணும் கடைசி வரிக்குப் போயிற்று.

“உன் பேரை எடுத்துட்டா அந்தப் பொண்ணு பேர் தாராளமா இருக்கலாமே” என்றார் ஷைலஜா.

“அது எப்படி மேடம்? என் உழைப்பு என்னாகிறது?”

கடைசியில் ஹம்சத்வனியே ஒரு வழி கண்டுபிடித்தாள். அபிநயாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“நன்றியுரையில முதல் வரி உனக்குத்தான். அதுவும் தடிமனான எழுத்துல. சண்டை போட்டு வாங்கியிருக்கேன்.”

அபிநயா கையிலிருந்த நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “நன்றியைக் காட்டினா இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவாங்களா மேடம்?”

ஹம்சத்வனியின் கோபம் கல்யாணத்தின் மேல்தான் திரும்பியது.

அடுத்த வாரம் கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருவதாக இருந்தது. ‘ஆசிரியர் - மாணவியர் கூட்டு ஆராய்ச்சி’ என்று பேனர் அடித்தாகிவிட்டது. பேனரில் போட வயலில் நின்று ஒரு போட்டோ வேண்டும். ஐந்து பேரும் கல்லூரி வேனில் ஏறினார்கள்.

“அபிநயா வரலையா?” என்றாள் ஹம்சத்வனி.

“பேர் இல்லாதவ போட்டோவுல எதுக்கு?” என்றார் முதல்வர். “ஆறு மாசமா முதல் ஹவருக்கு லேட். இன்னிக்காவது கிளாஸ்ல உட்காரட்டும்.”

மாணவியர் கூட்டு ஆராய்ச்சிக்கு மருந்துக்கும் ஒரு மாணவி இல்லாமல் வேன் கிளம்பியது. ஹம்சத்வனி வழிநெடுகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் காத்துக் கிடந்து, ஊரைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிந்தது. டிரைவர் வீரமணி வண்டியை நிறுத்தினார்.

“இடமா, வலமாங்க?”

“இந்த ஊர்ல எங்க தாத்தாவுக்குப் பதினஞ்சு வேலி நிலம் இருந்தது” என்றார் கல்யாணம்.

“அது எந்தப் பக்கம் சார்?”

“அதெல்லாம் அப்பவே வித்தாச்சு.”

முதல்வர் ஷைலஜாவைப் பார்த்தார். ஷைலஜா மதிவதனியைப் பார்த்தார். மதிவதனி செல்போனில் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். எவ்வளவு பெரிதாக்கினாலும் வயலாகவே வந்தது.

ஹம்சத்வனியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“பேர் போட்டுக்க மட்டும் தெரியுது, வயல் எந்தத் திசையில இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியலை. ஒரு நாளாவது செருப்பைக் கழட்டிட்டு அந்த வரப்புல நடந்திருக்கீங்களா? வெட்கமா இல்லையா உங்களுக்கெல்லாம்?”

முதல்வர் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். கல்யாணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாழ்நாளில் முதல்முறையாகச் செயலாளர் தலைகுனிந்ததைப் பார்த்த வீரமணிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“நல்லா கேட்டீங்க மேடம்” என்றார். “நீங்க சொல்லுங்க, எந்தப் பக்கம் திருப்பட்டும்?”

ஹம்சத்வனி இடது பக்கம் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல். வலது பக்கம் பார்த்தாள். அங்கேயும் நெல்தான். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

வீரமணி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக் கேட்டார்:

“அப்ப நீங்களும் வந்ததில்லையா மேடம்?”